காரைக்கால் கரையில் இஸ்லாமியப் பாலியல் கல்வி

காரைக்கால் கரையில் இஸ்லாமியப் பாலியல் கல்வி என்பது, நெரவி, திருமலைராயன்பட்டினம், காரைக்கால் நகரம், நாகூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ் முஸ்லிம்கள் பருவமடைதல், மாதவிலக்கு, தாம்பத்தியம், மகப்பேறு ஆகியவற்றைப் பற்றித் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த மரபைக் குறிக்கும். இந்த மரபு "பாலியல் கல்வி" என்ற பெயரில் இருந்ததில்லை. சட்டக்கலை நூல்களின் தூய்மை அதிகாரத்திலும், நிக்காஹ் அதிகாரத்திலும், வீட்டில் ஓதிக்கொடுக்கும் பெண்களின் வாய்மொழியிலும் அது இருந்தது. பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்றும், இஸ்லாம் அதை அனுமதிக்கவில்லை என்றும் இன்று சொல்லப்படும் கருத்தை இந்த மரபின் வரலாறு மறுக்கிறது.

நெரவியும் அதன் சுற்றமும்

நெரவி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்திலுள்ள கொம்யூன்களுள் ஒன்று. காரைக்கால் நகருக்குத் தெற்கே அமைந்தது. அதற்குத் தெற்கே திருமலைராயன்பட்டினமும், அதைக் கடந்தால் தமிழ்நாட்டு எல்லைக்குள் நாகூரும் உள்ளன. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222.

ஆட்சி மாறினாலும் குடும்ப வாழ்க்கை பற்றிய விதிகள் அதிகம் மாறவில்லை. இந்தியர்கள் கிறித்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும் அவரவர் வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்று 1819 ஜனவரி 6ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஒழுங்குமுறை உறுதி செய்தது. ஆகவே திருமணம், மஹர், மணவிலக்கு, வாரிசுரிமை முதலியவற்றில் காரைக்கால் முஸ்லிம்கள் இஸ்லாமியச் சட்டக்கலையையே பின்பற்றினர். அச்சட்டக்கலை நூல்களும் ஆலிம்களும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் வழியாக இலங்கை வரை நீண்ட ஒரே கல்விக் கரையின் ஒரு பகுதியாகவே நெரவி வட்டாரமும் இருந்தது.

வெட்கமும் கேள்வியும்

இந்த மரபின் வேர் மதீனாவில் கேட்கப்பட்ட சில கேள்விகளில் உள்ளது. தமிழ் மதரசாக்களில் இன்றும் எடுத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சிகள் மூன்று.

முதலாவது, உம்மு சுலைம் கேட்டது. ஆணுக்கு உறக்கத்தில் ஏற்படுவது போலப் பெண்ணுக்கும் ஏற்பட்டால் குளிப்பு கடமையாகுமா என்று அவர் நபிகள் நாயகத்திடம் நேரில் கேட்டார். உண்மையைப் பேசுவதில் இறைவன் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டே கேட்டார். நீர் வெளிப்பட்டிருந்தால் கடமையாகும் என்று விடை கிடைத்தது.

இரண்டாவது, மாதவிலக்கு முடிந்து குளிக்கும் முறையை ஒரு பெண் கேட்டது. கத்தூரி தோய்ந்த துணியால் தூய்மை செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் கூறினார். எப்படி என்று அப்பெண் மீண்டும் மீண்டும் கேட்கவே, அவர் வெட்கத்தால் மேலும் விளக்கவில்லை. அருகிலிருந்த ஆயிஷா அப்பெண்ணைத் தன்பக்கம் இழுத்து, உதிரம் பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். அன்சாரிப் பெண்களின் வெட்கம் அவர்கள் மார்க்கம் கற்பதைத் தடுக்கவில்லை என்று பின்னாளில் பாராட்டியவரும் ஆயிஷாவே.

மூன்றாவது, அலீயின் நிலை. இச்சையின்போது கசியும் நீர் பற்றி அவருக்கு ஐயம் இருந்தது. ஆனால் மனைவியின் தந்தையிடம் அதைக் கேட்க நாணினார். ஆகவே மிக்தாத் என்ற தோழரை அனுப்பிக் கேட்கச் செய்தார். குளிக்கத் தேவையில்லை, கழுவிவிட்டு ஒளு செய்தால் போதும் என்று பதில் வந்தது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் வெட்கம் பழிக்கப்படவில்லை. அதே வேளையில் கேள்வி கைவிடப்படவும் இல்லை. ஒருவரால் பேச முடியாத இடத்தில் பேசத்தக்க இன்னொருவர் வந்தார். இல்லறக் கல்வியில் இஸ்லாமிய மரபு வகுத்துக்கொண்ட முறை இதுதான்: வெட்கத்தை வைத்துக்கொண்டே அறிவைச் சேர்ப்பிக்கும் ஓர் இடையாள். தமிழ்க் கரையில் அந்த இடையாளின் வேலையை ஒரு நூலும் ஒரு பெண்ணும் செய்தனர்.

துடக்குப் பாடம்

தொழுகை, நோன்பு ஆகியவற்றின் நிறைவு உடல்தூய்மையைப் பொறுத்தது. எனவே சட்டக்கலை நூல் எதுவாயினும் அதன் முதல் அதிகாரம் தூய்மை பற்றியதாக இருக்கும். தமிழ் முஸ்லிம்கள் இதற்குத் தமிழிலேயே சொற்களை வழங்கினர். ஒளு முறிவது சிறுதுடக்கு. குளிப்பைக் கடமையாக்குவது பெருந்துடக்கு. ஹைளு என்பது மாதத்துடக்கு. நிஃபாஸ் என்பது பிள்ளைப்பேற்றுத் துடக்கு. இவற்றுக்கு அப்பாற்பட்ட உதிரப்போக்கு இஸ்திஹாளா எனப்படும். அது நோயின்பாற்பட்டது, தொழுகையைத் தடுக்காது.

இவற்றின் கால அளவை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் பரவலான ஷாஃபி மத்ஹபின்படி மாதத்துடக்கின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், மிகுந்த அளவு 15 நாள். வழக்கமானது 6 அல்லது 7 நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கு வழக்கமாக 40 நாள், மிகுதியாக 60 நாள். உள்நாட்டு ராவுத்தர்களிடையே மிகுதியாக வழங்கும் ஹனஃபி மத்ஹபில் மாதத்துடக்கு 3 முதல் 10 நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கின் உச்சம் 40 நாள். இரு மத்ஹபினரும் அடுத்தடுத்து வாழும் கழிமுகப் பகுதியில், ஷாஃபி வீட்டுப் பெண்ணுக்கு 12ஆம் நாள் தொழுகை இல்லாதிருக்க, ஹனஃபி வீட்டுப் பெண் குளித்துத் தொழ வேண்டியவளாக இருப்பாள். இந்த வேறுபாட்டைக் கற்பிக்கையில் உதிரத்தின் நிறம், நாள் கணக்கு, முந்தைய மாதத்தின் வழக்கம் ஆகியவற்றைப் பேசாமல் இருக்க முடியாது. மாதவிலக்கு நாள்களைக் கணக்கிட்டு நினைவில் வைக்கும் பழக்கத்தைப் பெண்கள் இவ்வாறு பெற்றனர்.

மாதவிலக்கான பெண்ணோடு உடலுறவு மட்டுமே விலக்கப்பட்டது. அவளோடு உண்பதோ ஒரே அறையில் இருப்பதோ விலக்கப்படவில்லை. அந்நாள்களில் ஆயிஷா நபிகள் நாயகத்தின் தலைமுடியை வாரிவிட்டதும், அவர் மடியில் சாய்ந்து நபிகள் நாயகம் குர்ஆன் ஓதியதும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. ஆயினும் சுற்றியிருந்த தமிழ்ச் சமூகத்தின் வழக்கம் முஸ்லிம் வீடுகளிலும் புகுந்தது. பெரியவளான பெண்ணைத் தனியறையில் வைப்பதும், சடங்கு செய்து தலைக்கு ஊற்றுவதும் பல குடும்பங்களில் நடந்தன. இவை மார்க்கத்தில் இல்லாதவை என்று ஆலிம்கள் சொல்லிவந்தனர்.

அரபுத்தமிழ் நூல்கள்

இப்பாடங்கள் பெரும்பாலும் அரபுத்தமிழில் எழுதப்பட்டன. அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கென மாற்றியமைத்த சில எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதும் முறை இது. அர்வி என்றும் அழைக்கப்படும். குர்ஆன் ஓதக் கற்ற எவரும் இதை எளிதில் படித்தனர். பெண்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் செல்லாத காலத்தில் குர்ஆன் ஓதும் பயிற்சி பெரும்பாலான வீடுகளில் இருந்தது. எனவே அரபுத்தமிழ் நூல்களுக்குப் பெண்களே பெரிய வாசகர் கூட்டமாயினர்.

இவ்வகையில் முதன்மையானவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்பட்ட இமாமுல் அரூஸ் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898). காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர். இலங்கைக்கும் பலமுறை சென்று பள்ளிவாசல்களையும் மதரசாக்களையும் நிறுவியவர். அவர் எழுதிய மகானி, ஃபத்ஹுத் தய்யான் ஆகிய அரபுத்தமிழ்ச் சட்டக்கலை நூல்கள் இரு கரைகளிலும் பரவின. ஃபத்ஹுத் தய்யான் 1963இல் கொழும்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. கல்லச்சில் வந்த இத்தகைய நூல்கள் வீடுகளில் ஓதப்பட்டன. ஊரில் ஓதத் தெரிந்த மூத்த பெண் ஒருவர் தம் வீட்டுத் திண்ணைக்கு உள்ளே சிறுமிகளைக் கூட்டிவைத்துக் குர்ஆன் கற்பிப்பார். பருவமடையும் வயதை நெருங்கியவர்களுக்குத் துடக்குப் பாடத்தையும் அவரே சொல்லிக்கொடுப்பார். தாய் நாணிச் சொல்லாததை நூல் சொல்லும். நூலில் விளங்காததை அந்தப் பெண் விளக்குவார். கத்தூரித் துணியை விளக்கிய ஆயிஷாவின் வேலையைத் தமிழ்க் கரையில் செய்தவர்கள் இத்தகைய பெண்களே.

சபுராளிகளின் கரை

இக்கரையில் பொருளீட்ட வெளிநாடு சென்றவர்களைச் சபுராளிகள் என்பர். பயணம் என்ற பொருள்கொண்ட அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாகூர், காரைக்கால் ஆண்கள் பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் வட்டாரத்தாருக்குச் சைகோனும் திறந்திருந்தது. பிற்காலத்தில் பிரான்சும் வளைகுடா நாடுகளும் சேர்ந்தன. மணமான சில மாதங்களில் கப்பலேறிய கணவன் ஆண்டுகள் கழித்துத் திரும்புவது வழக்கமாயிற்று.

இந்நிலைக்குச் சட்டக்கலையில் நேரடியான ஒரு பாடம் உண்டு. மனைவியை நெருங்கமாட்டேன் என்று சத்தியம் செய்த கணவனுக்குக் குர்ஆன் நான்கு மாதத் தவணை தருகிறது. அதற்குள் அவன் மீளவேண்டும், அல்லது விலக வேண்டும். கலீஃபா உமர், போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் இரவில் புலம்பியதைக் கேட்டு, பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸாவிடம் விசாரித்ததாகவும், அதன்படி படைவீரர்கள் வீடு திரும்பக் காலவரம்பு விதித்ததாகவும் செய்தி உண்டு. பெண்ணின் இச்சை ஓர் உரிமையாகவும் அரசு கவனிக்கவேண்டிய செய்தியாகவும் இங்கே பேசப்படுகிறது. இப்பாடம் நூல்களில் இருந்தும், சபுராளி வாழ்க்கை அதற்கு நேர்மாறாகவே நடந்தது. மனைவி விரும்பி இசைந்தால் பிரிவு கூடும் என்ற விலக்கு பெரும்பாலும் விதியாகிவிட்டது. அந்த இசைவு எப்படிப் பெறப்பட்டது என்பதை எவரும் கேட்டதில்லை.

பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது பற்றியும் இம்மரபு பேசியது. நபிகள் நாயகத்தின் காலத்தில் கருத்தரிப்பைத் தவிர்க்கும் பொருட்டு விந்தை வெளியே விடும் முறையைத் தோழர்கள் கையாண்டதாக ஜாபிர் அறிவித்துள்ளார். ஷாஃபி அறிஞர் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யா நூலின் திருமண அதிகாரத்தில் இதனை ஆராய்ந்து, மனைவியின் உடல்நலம் காத்தல், மிகுதியான பிள்ளைகளால் வரும் இன்னல் தவிர்த்தல் போன்ற நோக்கங்களுக்கு இடமளித்தார். அதே அதிகாரத்தில், கணவன் தன் தேவை நிறைவேறியதும் எழுந்துவிடாமல் மனைவியின் நிறைவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். கணவன் மனைவி அந்தரங்கத்தை வெளியே கதையாகப் பேசுவதை ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. ஆகவே பொதுவான அறிவு பகிரப்பட்டது, தனிப்பட்ட அனுபவம் மறைக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குச் சொன்னவை

பருவமடையாத பிள்ளைகளுக்கான பாடம் வீட்டுக்குள்ளே தொடங்கியது. வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இரவுத் தொழுகைக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் பெற்றோர் அறைக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று குர்ஆனின் நூர் அத்தியாயம் சிறுவர்களுக்கும் விதிக்கிறது. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரிக்க வேண்டும் என்பது ஹதீஸ். தன் உடலின் மறைவிடம், பிறர் உடலின் எல்லை, கதவைத் தட்டும் முறை ஆகியவற்றை இவ்விதிகள் சிறு வயதிலேயே கற்பித்தன.

ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்து ஒரு கல்யாணம் போல நடந்தது. ஆனால் விருந்தும் ஊர்வலமும் இருந்த அளவுக்கு விளக்கம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளுக்கு மாதத்துடக்குப் பாடம் என்ற ஒழுங்கான வாய்ப்பு இருந்தது. ஆண்பிள்ளைகள் கனவு வெளிப்பாட்டையும் கடமைக் குளிப்பையும் மதரசாவில் பொதுவாகக் கேட்டார்களே தவிர, தனியே ஐயம் தீர்க்க ஆள் இருந்ததில்லை. இம்மரபின் குறைகளில் இது ஒன்று.

எழுத்து மறைந்தபோது

20ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு குலைந்தது. குடந்தைப் பகுதியைச் சேர்ந்த பா. தாவூத்ஷா (1885–1969) போன்றோர் மார்க்கத்தைத் தமிழ் எழுத்திலேயே சொல்லவேண்டும் என்று இயக்கம் நடத்தினர். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பெண் தமிழ் அச்சில் எழுதுபவளாகவும் படிப்பவளாகவும் ஆனாள். இது பெரும் முன்னேற்றம். ஆனால் அதே வேகத்தில் அரபுத்தமிழ் படிப்போர் குறைந்தனர். பழைய நூல்கள் பரண்களுக்குச் சென்றன. தமிழ் எழுத்தில் மாற்றி அச்சிடப்பட்ட சட்டக்கலை நூல்கள் எவர் கையிலும் அகப்படக்கூடியவை. பெண்கள் மட்டும் கூடிப் படித்த வட்டத்துக்குள் கூசாமல் பேசப்பட்டவை பொது அச்சில் கூச்சத்துக்குரியவையாயின.

அந்த இடத்தைப் பள்ளிக்கூடம் நிரப்பியிருக்கலாம். காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பின்பற்றின. 2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகள் மத்திய பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமும், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கமும் பாடங்களாக இருந்தன. தேசிய அளவில் 2005இல் தொடங்கப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007இல் பல மாநிலங்களில் எதிர்ப்பு எழுந்து, சில மாநிலங்கள் அதைத் தடை செய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எதிர்த்தவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்தனர். முஸ்லிம் தரப்பில் எதிர்த்தவர்கள் நாணத்தைக் காரணம் காட்டினர். நாணத்தோடு கற்பிக்கும் முறையைத் தம் பாட்டிமார் வைத்திருந்தனர் என்பது அப்போது நினைவுகூரப்படவில்லை.

வயதும் சட்டமும்

பழைய நூல்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாத இடமும் உண்டு. அது வயது. சட்டக்கலையில் பருவமடைதல் உடலின் அடையாளங்களால் அறியப்படும். அடையாளம் இல்லாவிடில் ஷாஃபி மத்ஹபில் சந்திர ஆண்டுக் கணக்கில் 15 வயது. இமாம் அபூஹனீஃபா ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார். ஆனால் பருவமடைதலோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அநாதைகளிடம் அவர்கள் சொத்தை ஒப்படைக்க, மணவயதை எட்டியதோடு விவேகம் வந்துவிட்டதா என்றும் சோதிக்குமாறு குர்ஆன் கூறுகிறது. உடல் முதிர்ச்சியும் அறிவு முதிர்ச்சியும் வேறு என்ற கருத்து அங்கேயே உள்ளது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1929இல் இயற்றப்பட்ட சாரதா சட்டம் மணவயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வைத்தது. பிரெஞ்சுக் காரைக்காலுக்கு அது பொருந்தவில்லை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. அச்சட்டத்திலும் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு, அதாவது பிரெஞ்சுக் காலத்தில் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினருக்கு, விலக்கு உண்டு. தம் தனிச்சட்டத்திலேயே நின்ற முஸ்லிம்கள் இந்த விலக்கில் வரமாட்டார்கள். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. 18 வயது நிரம்பாத மனைவியுடன் கொள்ளும் உறவும் வல்லுறவே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எனவே இன்று பருவமடையும் பெண்ணுக்குத் துடக்குப் பாடம் சொல்பவர், அது தொழுகைக்கும் உடல்நலத்துக்குமான பாடமே, திருமணத்துக்கான அறிவிப்பு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவராகிறார்.

மதிப்பீடு

இம்மரபு எல்லாவற்றையும் கற்பித்தது எனக் கூற இயலாது. வணக்கத்துக்கும் திருமணத்துக்கும் தேவையானவற்றை அது துல்லியமாகக் கற்பித்தது. கருப்பை, சினைமுட்டை, தொற்றுநோய் ஆகியவை பற்றிய அறிவியல் அதில் இல்லை. உறவினராலோ ஆசிரியராலோ இழைக்கப்படும் கொடுமையை ஒரு குழந்தை எப்படி வெளியே சொல்வது என்பதற்கு மூன்று வேளை அனுமதி விதி மட்டும் போதாது. மணமாகாதவர், குழந்தையற்றவர், ஆண்பிள்ளை ஆகியோரின் கேள்விகளுக்கு அதில் இடம் குறைவு.

இவற்றுக்கு அப்பால் அது விட்டுச்சென்றது ஒரு முறை. பேசக் கூசும் செய்திக்கு ஏற்ற சொற்களும், அவற்றைச் சொல்ல ஏற்ற ஆளும், கேட்க ஏற்ற இடமும் வேண்டும் என்பதை அது அறிந்திருந்தது. துடக்கு, முழுக்கு, கடமைக் குளிப்பு ஆகிய சொற்கள் நாணத்தைக் கெடுக்காமல் பொருளை முழுமையாக உணர்த்தின. பெண்கள் அரபுக் கல்லூரிகளில் பட்டம் பெறும் ஆலிமாக்கள் இன்று கரையோர ஊர்களில் பணியாற்றுகின்றனர். செவிலியரும் அறிவியல் ஆசிரியைகளும் அதே குடும்பங்களிலிருந்து வருகின்றனர். பாட்டி மரபின் சட்டக்கலைப் பாடமும் பாடநூலின் உடலியல் பாடமும் ஒருவர் வாயிலாகவே பிள்ளைகளைச் சேரும் வாய்ப்பு நெரவி போன்ற ஊர்களுக்கு முதன்முறையாகக் கிடைத்துள்ளது. இவ்வூர்களில் இது புதிய வழக்கமாக நுழையவேண்டிய கல்வி அன்று. இடையில் சில தலைமுறைகள் நின்றுபோனதன் தொடர்ச்சியே.